தொட்டிலைப் பார்த்து வந்த மலை

மலை முதன்முதலாக நகர்ந்து வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அந்த நாட்டில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால் எங்கள் விடுதியின் கூடாரங்கள் எல்லாம் ஆட்களால் நிறைந்து, சமையற்கட்டில் ரொட்டி போட்டு மாளாமல், குளியலறைகளில் தண்ணீர் நின்றுபோய் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்த நேரம் அது, மலை வந்ததைக் கவனிக்க எங்களில் ஒருவருக்கும் கை ஒழியவில்லை. விடுதியில் துணி துவைக்கிற செல்லக்கிளி அக்காதான், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டப் போனபோது, முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே வந்து, "இந்த மலைக்கு என்னடி வந்துச்சு, நம்ம கொல்லைப்பக்கமா வந்து எட்டிப் பாக்குது" என்று சொல்லி, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு துணி மடிக்கப் போய்விட்டாள்.

அது சாதாரண மலையில்லை. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக, கல்யாண மண்டபத்தில் பாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் வரிவரியாக இருக்கும், ஒரு பக்கம் முழுக்கக் காற்று குடைந்த ஓட்டைகளாக இருக்கும், ஓட்டைக்குள் காற்று போய் வரும்போது கதை கேட்கிறவள் உம் கொட்டுகிற மாதிரி சத்தம் வரும், பாறையைத் தடவினால் கல்லாகிப்போன சிப்பியும் சங்கும் கையில் தட்டுப்படும். மழையே பார்க்காத மணல் நாட்டில் சிப்பி இருக்கிறதே என்று பனி பெய்கிற நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் விமானம் ஏறி வந்து, அதைத் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கிப் போவார்கள். நாங்கள் அதை வரிமலை என்று சொல்லுவோம். எனக்கு அந்தச் சிப்பியில் ஆச்சரியம் வந்ததில்லை. எங்கள் அரியலூர்ப் பக்கம் கொல்லையை உழுதால் கல்சிப்பி வரும், சிமெண்டுக்குத் தோண்டிய பள்ளத்தில் சங்கு சங்காகக் கிடக்கும், கடல் இருந்துவிட்டுப் போன இடம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒன்று, எங்கள் ஊரில் எந்தக் கல்லும் எழுந்து யாரையும் பார்க்க வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் கொளஞ்சி அந்தக் கூடார விடுதியில் சமையல்காரர். பெண் விருந்தாளிகள் தங்குகிற கூடாரங்களைக் கூட்டித் துடைக்கப் பெண்ணாள் வேண்டும் என்று மலையாளத்துக்காரரான மேனேஜர் ஜோஸ்குட்டி சார் கம்பெனியில் கேட்டதால் எனக்கும் விசா கிடைத்தது. என் மகள் யுவஸ்ரீ அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தவள். விடுதிக்குப் பின்னால், விருந்தாளிகள் கண்ணில் படாத இடத்தில், வேலையாட்களுக்கு வரிசையாகத் தகரப் பெட்டி வீடுகள் உண்டு, அதில் கடைசி வீடு எங்களுடையது, அதன் நடு உத்திரத்தில்தான் அவள் தொட்டில் தொங்கியது.

முன்பெல்லாம் வரிமலைக்குப் போக வேண்டுமென்றால் ஹமூத் தன் வண்டியில் மணலைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் ஓட்ட வேண்டும். ஹமூத் அந்த ஊர்க்காரன், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவான், யாரைப் பார்த்தாலும் மாப்ள என்பான், என்னை மட்டும் அக்கா என்பான். அன்றைக்கு அவன் வண்டியை எடுத்து கியர் மாற்றுவதற்குள் மலை வந்துவிட்டது. விருந்தாளிகள் ஏமாந்துபோய், பயணம் இவ்வளவுதானா என்று ஜோஸ்குட்டி சாரிடம் சண்டைக்குப் போனார்கள். சார் ஹமூத்தைத் திட்டினார்.

"நான் என்னா பண்ணும் சார்? நான் மலைய கூப்ட்டுச்சா? மலை வந்துச்சு, வண்டி நின்னுச்சு. நீங்க மலைகிட்ட கேளு."

அதற்குப் பிறகு மலை ஒவ்வொரு விடியலிலும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வந்துகொண்டே இருந்தது, யார் கண்ணுக்கும் முன்னால் நகராமல், தலையைத் திருப்பிக்கொண்ட நேரத்தில் நகர்ந்து, அது வந்த வழியில் மணல் இஸ்திரி போட்ட துணி மாதிரி வழவழவென்று கிடந்தது. அரசாங்கத்திலிருந்து நிலம் அளக்க முக்காலி போட்டுக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற ஆட்கள் வந்தார்கள், அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த வரையில் மலை கல் மாதிரி நின்றது, டீ குடித்துவிட்டுத் திரும்பினால் முக்காலி பாறைக்கடியில் அகப்பட்டுக்கொண்டிருந்தது. ஆடு மேய்க்கிற ஹமூத் வீட்டார் தங்கள் பட்டியைப் பிரித்து மலைக்கு வழிவிட்டுத் தள்ளிப் போட்டார்கள், ஒட்டகம் வந்தால் ஒதுங்குவதில்லையா, மலை வந்தால் ஒதுங்கக் கூடாதா என்றார்கள். வெளிநாட்டுக்காரர்கள் சாய்வு நாற்காலி போட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு காத்திருந்தார்கள், கண்ணை மூடித் திறந்தால் மலை வந்திருக்கும் என்பதால் எல்லாரும் சேர்ந்து கண்ணை மூடித் திறந்து கைதட்டினார்கள். பழைய கூடாரங்கள் போதாமல் புதுக் கூடாரங்கள் முளைத்தன, கொளஞ்சிக்குக் கீழே இன்னும் சமையல்காரர்கள் வந்தார்கள், செல்லக்கிளி அக்காவுக்குத் துணி துவைக்கிற மிஷின் புதிதாக வந்தது. மலை வருவது கொஞ்ச நாளில் தண்ணீர் லாரி வருவதுபோல ஆகிவிட்டது.

ஆனால் உள்ளுக்குள் எல்லாருக்கும் எல்லார் மேலும் சந்தேகம். கம்பெனிதான் அடியில் ஏதோ மிஷின் வைத்து இழுக்கிறது என்றார்கள் வண்டி ஓட்டுகிறவர்கள். மலை இருந்த பழைய இடத்துக்குப் பக்கத்தில் விடுதி வைத்திருந்த இன்னொரு கம்பெனிக்காரர்கள் வந்து, எங்கள் மலையைத் திருடுகிறீர்கள் என்று ஜோஸ்குட்டி சாரின் சட்டையைப் பிடித்தார்கள். ஹமூத்தின் சித்தப்பா, தமிழர்கள் சாப்பாட்டில் என்னவோ போட்டு மலையை மயக்கிவிட்டதாகச் சொல்லி எங்கள் சமையற்கட்டில் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது, ஆனால் துவைத்த துணியைக் காயப்போடும்போது கொடிக்கு மேலாக மலையின் மூக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ரோட்டைப் பார்த்து வரவில்லை. விடுதி வாசலைப் பார்த்தும் வரவில்லை. பெட்டி வீடுகளின் வரிசையில் கடைசி வீட்டைப் பார்த்து வந்தது.

ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். யுவஸ்ரீக்குச் சளி, எங்கள் வீட்டில் புகை வருகிறது என்று பொய் சொல்லி, தொட்டிலை அவிழ்த்துக்கொண்டுபோய் வரிசையின் எதிர்க்கோடியில் இருந்த செல்லக்கிளி அக்காவின் துணி அறையில் கட்டினேன். மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். மலையின் மூக்கு துணி அறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

 பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால் ஜோஸ்குட்டி சார் நிற்கிறார். அவரும் மலையைப் பார்த்தார், துணி அறையைப் பார்த்தார், உள்ளே தூங்குகிற தொட்டிலைப் பார்த்தார். "கொச்சுக்கு சுகம்தானே தையல்?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்டார். குழந்தையை அவர் விசாரித்தது அதுதான் முதல் தடவை.

எங்கே தப்பு நடந்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற அன்றைக்கு முதலில் பிள்ளையைப் போட மாட்டார்கள். வீட்டு அம்மியின் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கன்னத்துப் பொட்டு வைத்து, சட்டை சுற்றி, அதைத்தான் முதலில் போடுவார்கள். தொட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தியும் இந்தப் பக்கம் ஒருத்தியும் நின்று அதைக் கைமாற்றி, வெளியே நிற்கிறதே ஒன்று, பிள்ளை கேட்டு நிற்கிறதே, அதற்குக் கேட்கிற மாதிரி, "புள்ள வேணும்னா இந்தா, இதுதான் எங்க வூட்டுப் புள்ள, எடுத்துக்க" என்று சொல்லி ஆட்டுவார்கள். வெளியே நிற்பது கல்லைப் பார்த்து ஏமாந்துபோகும், அதற்குப் பிறகுதான் நிஜப் பிள்ளை தொட்டிலில் ஏறும். விடுதியில் எங்களுக்கு அம்மி ஏது, எல்லாம் மிக்சிதான். "கல்லுதானேடி, எந்தக் கல்லா இருந்தா என்ன" என்று செல்லக்கிளி அக்கா சொல்ல, ஹமூத் வரிமலை அடிவாரத்திலிருந்து நீளமாக உருண்டையாக ஒரு கல்லை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான், அதைத்தான் குளிப்பாட்டினோம், அதற்குத்தான் பொட்டு வைத்தோம், அதைத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சத்தமாகச் சொன்னோம். மிளகாயும் உப்பும் ஏறிய எங்கள் வீட்டுக் கல்லாக இருந்தால் அதில் எங்கள் வீட்டு வாசனை இருக்கும், ஏமாற்றலாம். மலையின் கல்லில் மலையின் வாசனைதானே இருக்கும். மலையின் பிள்ளையை எங்கள் பிள்ளை என்று மலைக்கே சொன்னால், எங்கள் பிள்ளையும் அதன் பிள்ளைதான் என்று மலை கணக்குப் போடாதா?

செல்லக்கிளி அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரி, எதற்கும் அசைய மாட்டாள்.

"கல்லக் கொண்டுபோயி வச்சிட்டு வந்துருவோம். அதோட முடிஞ்சிச்சு. இதுக்குப் போயி மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?"

அந்தக் கல் கொளஞ்சியின் சமையற்கட்டில் பூண்டு தட்டிக்கொண்டிருந்தது. கழுவி எடுத்து, ஹமூத்தோடு போய், மலைக்கு முன்னால் அதன் அடியிலேயே வைத்துவிட்டு வந்தோம். மறுநாளும் மலை வந்தது. அதற்கும் மறுநாளும் வந்தது. தன் கல்லை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மிதித்துக்கொண்டு மேலே ஏறி வந்திருந்தது. அதற்கு வேண்டியது கல் இல்லை என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று.

ஊருக்குப் போன் போட்டேன். மாமியார்தான் எடுத்தார்.

"அத்த, நம்மூட்டு அம்மிக் குழவி வேணும். யாராவது இங்க வந்தா குடுத்துவுடுங்க."

"ஏன், அங்க இருக்க மிக்சிக்கு என்ன கேடு?"

"தொட்டில்ல போடணும் அத்த."

"ஏண்டி, புள்ள ஒக்காரப் போவுது, இப்பதான் தொட்டில் போடுறியா? இத்தினி நாளா தரையிலயா கெடந்துச்சு?"

நான் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நின்றால் விஷயம் பெரியது என்று அவருக்குத் தெரியும். திட்டிக்கொண்டே, பக்கத்து ஊரிலிருந்து வேறு கம்பெனிக்கு வேலைக்கு வருகிற முருகுபாண்டியன் என்கிற பையனின் பெட்டியில் குழவியைப் போட்டு அனுப்பிவிட்டார். விமான நிலையத்தில் படம் பிடிக்கிற மிஷினில் பார்த்துவிட்டு, பெட்டிக்குள் இது என்ன குண்டா என்று அவனைத் தனியாக உட்கார வைத்துவிட்டார்களாம். மோப்ப நாயைக் கூட்டிவந்தார்களாம். நாய் குழவியை ஒரு தடவை மோந்து, விடாமல் தும்மித் தும்மி, கடைசியில் அங்கேயே உட்கார்ந்துகொண்டதாம். "எங்க வூட்டு மொளகா சார்" என்றானாம். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அதற்குள் இங்கே ஜோஸ்குட்டி சார் தொட்டிலை வரவேற்பு அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.

"ஏசி உண்டு. கொச்சுக்கு நல்லதல்லே?" என்றார் கொளஞ்சியிடம்.

கொளஞ்சி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "புள்ளைக்கு வேர்க்குரு எல்லாம் போயிடும், தையலு."

"மலைய எங்க கொண்டாந்து நிறுத்தணுமோ அங்க தொட்டில கட்டச் சொல்றாரு" என்றேன். "நம்ம கக்கூசுப் பக்கம் வந்தா போட்டோவுக்கு நல்லா இருக்காதுல்ல. அதுக்குத்தான்."

"ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். தண்ணியக்கூட மோந்து பாத்துக் குடிச்சு வளந்தவதான நீ. மலை வர்றதுக்கும் எம் புள்ளைக்கும் என்னா சம்பந்தம்?"

"அப்ப தொட்டில வேற எங்கியாவது கட்டிப் பாருங்க."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அப்போதுதான் அவருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் சம்மதித்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் ஊட்டக் கொண்டுவருகிற சோற்றைக்கூட ஒரு வாய் நான் தின்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

வரவேற்பு அறையில் தொட்டில் தொங்கியது. மலை வாசல் பக்கம் திரும்பியது. வருகிறவர்கள் எல்லாம் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தடவை தொட்டிலை ஆட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள், பொன்னிறக் கைகள், மருதாணிக் கைகள், மோதிரக் கைகள், சுருக்கம் விழுந்த கைகள், எல்லாக் கைகளையும் நான் தொட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன், எந்தக் கையையும் நம்பவில்லை. என்னை யாரும் கவனிக்கவில்லை. துடைக்கிற துணியோடு உட்கார்ந்திருந்ததால் தரை துடைக்கிறவள் என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

முருகுபாண்டியன் குழவியைக் கொண்டுவந்தபோது நான் கூடாரம் துடைக்கப் போயிருந்தேன். அவன் அதைச் சாரிடம் கொடுத்து, அவர் கேட்டதற்கு, பிள்ளைக்குப் பதிலாகத் தொட்டிலில் போட்டுக் காட்டுகிற கல் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். வந்து பார்த்தால் எங்கள் வீட்டுக் குழவி, வரவேற்பு அறையின் கண்ணாடி அலமாரிக்குள், விருந்தாளிகளுக்குக் காட்டுகிற கல்சிப்பிகளுக்கு நடுவில், பூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

"சார், அது என்னோடது" என்றேன். சாரிடம் நானாக வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான்.

"எனிக்கும் அறியாம், உன்னோடதுதான். சீசன் கழியட்டே தையல். பின்னே தராம். இப்போ மலை நின்னுபோயால் இத்தனை பேருக்கு ஜோலி எங்கே?"

சீசன் முடிந்ததும் தருகிறேன் என்பதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

சாயங்காலம் பெட்டி வீடுகளில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராக வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். புதிதாக வந்த சமையல்காரர்கள், இப்போதுதான் வந்தோம், துரத்திவிடாதே தங்கச்சி என்றார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள், இன்னும் கொஞ்சம் வரட்டும், வாசல் வரைக்கும் வரட்டும், அப்புறம் நிறுத்திக்கலாம் என்றார்கள், ஏதோ நான் கையைக் காட்டி நிறுத்துகிற பஸ் மாதிரி. செல்லக்கிளி அக்காவும் வந்தாள். அவள் மகள் ஊரில் நர்சுக்குப் படிக்கிறாள், இன்னும் படிப்பு முடியவில்லை.

"உம் புள்ளைய அந்த மலை என்னடி பண்ணும்? தூக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்துலயா சேக்கும்?"

"அக்கா, நீயுமா?"

"நான் என்னத்தக் கேட்டுட்டேன்? கொஞ்சம் பொறுன்னுதான சொல்றேன். உம் புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் சும்மா இருப்பனா?"

கண்ணாடி அலமாரியைத் தினமும் துடைக்கிறவள் அவள்தான், சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. நான் அந்தச் சாவியைப் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அப்படியே இருந்திருப்போம், அந்தக் காலை வராமல் இருந்திருந்தால். அன்றைக்கு விடிந்தபோது மலை வாசற்படிக்கே வந்திருந்தது. கண்ணாடிக் கதவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிகள், வானம் தெரியவில்லை, அறைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. செல்லக்கிளி அக்கா அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யுவஸ்ரீ விழித்துக்கொண்டாள். வேற்று முகத்தைக் கண்டால் ஊரைக் கூட்டுகிற பிள்ளை, செல்லக்கிளியிடம்கூட எளிதில் போகாத பிள்ளை, தொட்டில் துணியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, வாசலைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மேலே நீட்டினாள், என்னைத் தூக்கு என்று கேட்க எப்படி நீட்டுவாளோ அப்படி.

அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. செல்லக்கிளி அக்கா பிள்ளையையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எட்டிப் போடி அங்கிட்டு" என்று என்னைத் தள்ளிவிட்டுச் சாவியை உருவினாள். அலமாரியைத் திறந்தாள். குழவியை எடுத்து என் இடுப்பில் வைத்தாள், அவளே பிள்ளையைத் தூக்கப் போனாள், நான் விடவில்லை. ஒரு இடுப்பில் குழவி, ஒரு இடுப்பில் மகள் என்று நானே சுமந்துகொண்டு வெளியே நடந்தேன். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகள் எழுந்து நின்றார்கள், எல்லாரும் படம் எடுத்தார்கள், எனக்குக் காது வரைக்கும் சூடேறியது, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"தையல், அது அவிடே வைக்கு!" என்று ஜோஸ்குட்டி சார் பின்னால் ஓடிவந்தார்.

ஹமூத் வண்டியை விட்டுக் குதித்துக் குறுக்கே நின்றான். "சார், நில்லு. பொம்பள வேல. நீ போவாத, நானும் போவாது."

கொளஞ்சியும் சமையற்கட்டு வாசலில் நின்றார், கரண்டியோடு. கிட்டே வரவில்லை. தடுக்கவும் இல்லை.

மலையடியில் பிள்ளையை என் மடியிலேயே கட்டிக்கொண்டேன். செல்லக்கிளி அக்கா எங்கிருந்தோ மஞ்சள்தூள் கொண்டுவந்தாள், சமையற்கட்டு மஞ்சள்தூள்தான், கறிமசாலா வாசனை அடித்தது. குழவியைக் குளிப்பாட்டினோம், பூசினோம், பொட்டு வைத்தோம், யுவஸ்ரீ போட்டிருந்த சட்டையைக் கழற்றி அதற்குச் சுற்றினோம். தொட்டில் இல்லாததால் என் துப்பட்டாவை இரண்டு பேரும் இரண்டு முனையில் பிடித்துக்கொண்டோம். எத்தனையோ பேர் பார்க்கிறார்களே என்று எனக்குக் குரல் எழும்பவில்லை. "சத்தமாச் சொல்லுடி, அதுக்குக் காது எவ்வளவு உசரத்துல இருக்கோ" என்று அக்கா அதட்டினாள். சொன்னேன். புள்ள வேணும்னா இந்தா. இதுதான் எங்க வூட்டுப் புள்ள. எங்க மொளகா அரைச்ச புள்ள, எங்க உப்பு தின்ன புள்ள, எங்க மாமியாரும் அவங்க மாமியாரும் கைபுடிச்ச புள்ள, எடுத்துக்க, இத எடுத்துக்க, வேற எதையும் பாக்காத. கைமாற்றிக் கைமாற்றி ஆட்டி, கடைசியில் குழவியைத் தூக்கிப் பாறையில் இருந்த ஒரு ஓட்டைக்குள் வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. உள்ளே காற்று உம் கொட்டிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது.

மறுநாள் மலை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கண்ணை மூடித் திறந்து பார்த்தவர்கள் கொஞ்ச நாள் பொறுமையாக மூடித் திறந்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். புதுக் கூடாரங்களைப் பிரித்தார்கள், புதுச் சமையல்காரர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள், போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். ஆனால் பழைய ஆட்கள் தங்கிவிட்டார்கள், சிப்பி பார்க்க வருகிற கூட்டம் பழையபடி வந்தது, வண்டி தேவைப்படாமல் செருப்போடு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். உச்சி சாய்ந்த மத்தியானத்தில் மலையின் நிழல் பெட்டி வீடுகள் முழுக்க விழுந்தது. அந்த நாட்டில் மத்தியான நிழலுக்கு என்ன அருமை என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். என்னைத் திட்டினவர்கள் எல்லாம் அந்த நிழலில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கினார்கள். செல்லக்கிளி அக்காவின் துவைக்கிற மிஷினைச் சார் திரும்ப எடுத்துக்கொண்டார், அவள் கையால் துவைத்துக்கொண்டே, "மலை நின்னது நின்னுச்சு, மிஷினையாவது விட்டிருக்கலாம்" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள். கொளஞ்சி ஒரு நாள் தானாக வந்து, தப்பு எம்மேலதான் என்றார். நான் சரி என்றேன். சோற்றை மட்டும் இன்னும் தின்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

யுவஸ்ரீ இப்போது நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதல் எட்டு அவள் வைத்தது மலையைப் பார்த்து. எல்லாரும் கைதட்டினார்கள், கொளஞ்சி அழுதேவிட்டார். நானும் சிரித்தேன். அவளைத் தூக்கி ரோட்டைப் பார்த்து நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு, கையை அகல விரித்தபடி, தட்டுத் தடுமாறி மறுபடி மலையைப் பார்த்து நடந்தாள்.

"நிழல் பாத்துப் போவுது அக்கா" என்றான் ஹமூத். "ஆட்டுக்குட்டி கூட அப்படிதான். பயப்படாத."

இருக்கலாம். அவன் ஆடு வளர்க்கிறவன், அவனுக்குத் தெரியும். அதனால் இன்றைக்கு, வெயில் உச்சிக்கு ஏறி மலைக்கே நிழல் இல்லாத நேரமாகப் பார்த்து, மாவு பிசைந்த கையோடு அவளை மணலில் இறக்கிவிட்டேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெயில், எந்தப் பக்கமும் போகலாம். அவள் மலைப் பக்கம் போனாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நின்றாள், திரும்பிப் பார்த்தாள், சிரித்தாள், அம்மா என்று தெரிந்து சிரிக்கிற சிரிப்புதான் அது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. சிரித்துவிட்டுத் திரும்பி, போய்க்கொண்டே இருந்தாள்.